புகை வீட்டில் சூடு குறைந்தால்

ரப்பர் பாலைப் புகையில் காட்டிக் காய வைக்கும் வழக்கம் நம் நாட்டில் பிறந்ததன்று. தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளில், கொட்டைகளை எரித்து எழுப்பிய புகையில் துடுப்பு போன்ற ஒரு கட்டையைப் பிடித்து, அதன்மேல் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி உருண்டையாக்கினார்கள். அந்த ரப்பர் உலகச் சந்தையில் உயர்ந்த விலைக்குப் போயிற்று. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்குக் கன்றுகள் வந்து, பின்னர் மலாயாவெங்கும் தோட்டங்கள் எழுந்தபோது, மரத்தோடு புகையும் வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

ஜொகூரில் இரயில் பாதை 1909இல் முடிந்தது. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் என்று பாதையோரம் காடு அழிந்து ரப்பர் நின்றது. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் பால் வெட்டினர். ஸ்டோரில் பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்து வரி போட்ட சீட்டாக இழுத்தனர். அந்த வரிகள் அழகுக்காகப் போட்டவை அல்ல. சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும், இடையே காற்று ஓடவும் அவை உதவின. அதன்பின் சீட்டு புகை வீட்டுக்குள் போகும்.

அங்கேதான் கூலி முழுவதும் காசாவதும் கரியாவதும் முடிவாகும். காடு விடிவதற்கு முன் எழுந்து வெட்டிய பாலாக இருந்தாலும், சீட்டில் ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். சூடு மிஞ்சினால் கொப்புளம் எழும். சீட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்துத்தான் தரம் பிரிப்பார்கள். கண் சொல்வதே தீர்ப்பு. முதல் தரம் என்று போக வேண்டியது மூன்றாம் தரமாகிவிடும்.

முதல் நாள் சூடு ஏறக்குறைய 40 பாகை செல்சியசு அளவில் இருக்கும். பிறகு மெல்ல ஏற்றி 60 வரை கொண்டுபோவார்கள். நான்கைந்து நாள் அடுப்பு அணையக் கூடாது. இரவில் எழுந்து விறகு தள்ளுகிறவர் தூங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அதே அடுப்பை அளவுக்கு மீறி எரியவிட்டு, ரப்பரோடு கட்டடமும் எரிந்து போவதுண்டு.

சரி, சூடு குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எங்கே தேடுவது? அனுபவசாலிகள் கைக்கு அகப்பட்டதையெல்லாம் மாற்றிப் பார்ப்பதில்லை. முதலில் அடுப்பைப் பார்ப்பார்கள். விறகு பெரும்பாலும் வெட்டிச் சாய்த்த பழைய ரப்பர் மரந்தான். ஆண்டுக் கடைசி மழையில் நனைந்திருந்தால் புகை மட்டும் வரும், சூடு வராது. சாம்பல் அடைத்திருந்தாலும் அப்படித்தான். அடுப்பு நன்றாக எரிகிறது, உள்ளே மட்டும் குளிர் என்றால், சூடு போகும் வழியில் புகைக்கரி அடைத்திருக்கும். அல்லது கதவிடுக்கில் சூடு கசியும். உள்ளே சூடும் உண்டு, சீட்டு மட்டும் காயவில்லை என்றால் கூரை முகட்டுத் திறப்பைப் பார்க்க வேண்டும். ஈரக் காற்று வெளியே போக வழியில்லாவிட்டால் எவ்வளவு விறகு போட்டும் பயனில்லை. ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் ஈரமாக இருந்தால் சீட்டுகளை நெருக்கித் தொங்கவிட்டது காரணமாக இருக்கலாம். சூடு உண்டாவது, ஓடுவது, வெளியேறுவது: இந்த வரிசையில் தேடினால் தவறு எங்கும் ஒளிய முடியாது.

குளிர்நாட்டுக் கார்களுக்கும் இதே வரிசைதான். அங்கே 1930களில், என்ஜினின் வெந்நீரை ரப்பர் குழாய் வழியே ஒரு சிறு ரேடியேட்டருக்குக் கொண்டுவந்து, விசிறியால் ஊதி வண்டிக்குள் வெதுவெதுப்பான காற்றைத் தரும் ஏற்பாடு பரவிற்று. காற்றே வரவில்லையென்றால் விசிறியும் அதன் ஃபியூசும். காற்று வந்து அது குளிர்ந்திருந்தால் தண்ணீர் குறைந்திருக்கும், தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றிருக்கும், அல்லது அந்தச் சிறு ரேடியேட்டர் அடைத்திருக்கும். தண்ணீரைப் பார்க்க என்ஜின் ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் வெந்நீர் முகத்தில் பீறிடும். ஜொகூர் வெயிலில் இந்தச் சூடேற்றியை யார் தேடப்போகிறார்கள் என்று கேட்கலாம். ஆனால் அந்நாளைய குழாய்கள் பால் மரத்து ரப்பரால் ஆனவை.

1965இல் மலேசியா தர நிர்ணய ரப்பர்த் திட்டத்தைக் கொண்டுவந்தது. ரப்பரைக் கண்ணால் மட்டும் பார்க்காமல், அழுக்கு, சாம்பல் முதலியவற்றை ஆய்வுக்கூடத்தில் அளந்து தரம் சொல்லும் முறை இது. சீட்டுக்குப் பதில் ரப்பர் பொடியாக நொறுக்கப்பட்டு, எண்ணெய் எரியும் பர்னரின் சூட்டை விசிறி ஊத, சில மணி நேரத்தில் காய்ந்து கட்டியாக அழுத்தப்படுகிறது. நான்கைந்து நாள் வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. இரவெல்லாம் அடுப்பைக் காத்தவருக்கு வேலை போயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கும் சூடு தவறினால் கட்டியின் நடுவே வெள்ளைப் புள்ளி தெரியும். காயாத ரப்பர் அது. பர்னர், விசிறி, காற்று போகும் வழி என்று பழைய வரிசையிலேயே ஆராய்கிறார்கள்.

ஜொகூரின் பெருந்தோட்டங்களில் இப்போது செம்பனையே மிகுதி. ரப்பர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர்களிற் பலர் கட்டிப்பாலாகவே விற்றுவிடுவதால் அவர்களுக்குப் புகை வீடு தேவைப்படுவதில்லை.