தாமஸ் என்றொரு பட்டப்பெயர்

தாமஸ் முதலில் பெயரே அல்ல. அராமிய மொழியில் ‘தோமா’ என்றால் இரட்டையன். இரட்டையாய்ப் பிறந்தவரை ஊரார் ‘ரெட்டை’ என்று கூப்பிடுவதில்லையா, அதைப் போலத்தான். யோவான் நற்செய்தி கிரேக்கத்தில் எழுதப்பட்டபோது, இயேசுவின் சீடரான தோமாவின் பெயரோடு, பொருள் விளங்கட்டும் என்று ‘திதிமு’ என்பதையும் சேர்த்தார்கள். அதற்கும் இரட்டையன் என்றே பொருள். நம் ‘நடு சென்டர்’ மாதிரி!

சிரிய மரபு அவரை யூதா தோமா என்கிறது. அப்படியானால் வீட்டில் வைத்த பெயர் யூதா. அதே பெயருடைய இன்னொரு சீடர் இயேசுவைக் காட்டிக்கொடுத்த பிறகு பட்டப்பெயரே நிலைத்துவிட்டது போலும். இது என் ஊகம். அவர் யாருக்கு இரட்டை என்று நற்செய்தி சொல்லவில்லை.

போர்த்துகீசியர் வாயில் அவர் ‘சாவோ தோமே’. மயிலாப்பூர்க் கடற்கரையில் அது சாந்தோம். நாம் மரியாதை சேர்த்துத் தோமையார் ஆக்கிக்கொண்டோம்.

இத்தாலியில் நடந்தது இன்னும் சுவையானது. 1420-களில் ஃபிளாரன்ஸின் பிரான்காச்சி சிற்றாலயச் சுவர்களில் இரண்டு ஓவியர்கள் சேர்ந்து வேலை செய்தார்கள். இருவர் பெயரும் தொம்மாஸோ. ஒருவரை அழைத்தால் இருவரும் திரும்பியிருப்பார்கள். வயதில் மூத்தவருக்கு ‘மாசோலினோ’, அதாவது குட்டித் தோமா என்று பெயர். உடுப்பைப் பற்றியோ காசைப் பற்றியோ கவலைப்படாத இளையவருக்கு ‘மாசாச்சோ’. அலங்கோலத் தோமா எனலாம். முப்பது வயதை எட்டாமலே 1428-இல் இறந்த அந்த அலங்கோலத்தைத்தான் மறுமலர்ச்சி ஓவியத்தின் முன்னோடி என்கிறார்கள். பட்டப்பெயருக்கே பட்டப்பெயர் வைத்து, அதுவே வரலாற்றில் நின்றுவிட்டது.

தாமஸ் அப்பா பெயராகவும் வரும். கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களில் பலருக்கு அப்பா பெயர் தன் பெயருக்குப் பின்னால் நிற்கும். அடுத்த தலைமுறையில் அது உதிர்ந்து, புது அப்பாவின் பெயர் வந்துவிடும். நம் இனிஷியலும் அப்படித்தான். ஆங்கிலேயரோ ‘தாமஸின் மகன்’ என்பதைத் தாம்சன் என்று உறையவைத்து, பேரன், கொள்ளுப்பேரன் எல்லாரையும் யாரோ ஒரு தாமஸின் மகனாகவே வைத்துவிட்டார்கள். அதிலும் சிலர் தாம்ப்சன். நடுவில் உள்ள ‘ப்’ யாரும் வைத்ததல்ல. மகரத்திலிருந்து ஸகரத்துக்குத் தாவும்போது உதடு தானாகப் போட்டது.

டின்டின் படக்கதையின் ஆங்கிலப் பதிப்பில் தொப்பியும் மீசையுமாக அச்சில் வார்த்தாற்போல் இரண்டு துப்பறிவாளர்கள் வருவார்கள்: தாம்சன், தாம்ப்சன். அவர்கள் இரட்டையர் அல்லர், உடன்பிறந்தவர்கள்கூட அல்லர்.