எஸ்லோன் பைப்பும் அடைபட்ட காத்தும்

தீவுப்பக்கத்தில் பிவிசி குழாய்க்குப் பெயர் எஸ்லோன் பைப். ஒரு கம்பனியின் பெயர் பொருளின் பெயராகவே மாறிவிட்டது. ஊர்காவற்றுறை, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு என்று எந்த வளவுக்குள் போனாலும் கிணத்தடியிலோ கோடிப்புறத்திலோ இரண்டு முழத் துண்டொன்று கிடக்கும். கிணத்துக்குக் கிணறு தண்ணீரின் ருசி மாறுகிற ஊர்கள் இவை. வேலணையில் சாட்டி, நெடுந்தீவில் சாராப்பிட்டி என்று நல்ல தண்ணீர் ஊறுகிற இடங்களை விரல்விட்டு எண்ணலாம். தண்ணீரைக் கொண்டுபோகப் பைப் வேணும், பைப் வந்தால் மிச்சத் துண்டும் வரும்.

அந்த மிச்சத் துண்டில்தான் பெடியள் காத்துத் துவக்கு செய்கிறார்கள். ஒரு முனையை மூடி, சைக்கிள் பம்மால் காத்தடித்து, வால்வைத் திறந்தால் மாம்பிஞ்சு பனை உயரத்துக்குப் போகும். தீவுப்பக்கம் போன பயணமொன்றில் நாங்களும் பார்த்தோம். ஆபத்தில்லையா என்று கேட்டதற்கு ஒரு தம்பி சொன்னான்: "வெடிமருந்து ஒண்டும் இல்லையண்ணை, வெறும் காத்துத்தானே."

இந்த ‘வெறும் காத்து’க்கு நீண்ட வரலாறு இருக்கு. எங்களுக்குத் தெரிந்தவரை அது குழலின் வரலாறு இல்லை. காத்தை அடைத்து வைக்கிற பாத்திரத்தின் வரலாறு.

ஊதுகுழல் அம்பில் பாத்திரம் மனிசனின் நெஞ்சு. அதில் பயப்பட எதுவும் இல்லை. சத்தீஸ்கரின் பஸ்தரில், ஜக்தல்பூரில் நடக்கும் கோஞ்சா திருவிழாவில் ‘துப்கி’ என்ற மூங்கில் துவக்கால் ஆளையாள் சுட்டு விளையாடுகிறார்கள். குழலின் இரண்டு பக்கமும் சின்னக் காட்டுக்காயை அடைத்து, பின்னால் குச்சியால் தள்ளினால் இடையில் நெரிபட்ட காத்து முன்காயைப் பறக்க விடும். காத்து அடைபட்டிருப்பது ஒரு கணம்தான். மூங்கில் தோத்தாலும் நார்வழியே நீளமாகப் பிளக்கும், சில்லாகப் பறக்காது.

சேமித்து வைத்த காத்து வேற கதை. 1780 அளவில் ஒஸ்திரியப் படை ஜிரண்டோனி என்பவர் வடிவமைத்த காத்துத் துவக்கை எடுத்தது. புகையில்லை, அடுத்தடுத்துச் சுடலாம். ஆனால் அதன் பிடியே ஒரு இரும்புக் காத்துக் குடுவை. தகட்டை வளைத்து, ஆணியடித்துப் பொருத்தி, கசியாமல் செய்வது பெரும்பாடு. ஒரு குடுவை நிறைய ஏறக்குறைய 1,500 தரம் பம் அடிக்க வேணும் என்பார்கள். கடைசியில் பராமரிக்க முடியாமல் கைவிட்டார்கள். நல்ல கொல்லர்களுக்கே கஷ்டமாக இருந்த வேலை அது.

இரண்டாம் உலகப்போரில், 1940இல், விமான எதிர்ப்புத் துவக்குகள் போதாமல் பிரித்தானியச் சிறு கப்பல்களில் ஹோல்மன் எறிகருவி என்று ஒன்றைப் பூட்டினார்கள். கோர்ன்வோலில் சுரங்கங்களுக்குக் காத்துத் துளைகருவி செய்த ஹோல்மன் சகோதரர்களின் கம்பனிதான் செய்தது. குழாயில் கைக்குண்டைப் போட்டு, அழுத்தக் காத்தாலோ நீராவியாலோ மேலே எறியும். குறி தவறுவதற்குப் பேர் போனது. பொழுது போகாத மாலுமிகள் அதில் உருளைக்கிழங்கை வைத்து மற்றக் கப்பல்களுக்கு அடித்திருக்கிறார்கள். அந்தக் குறும்பும் இந்தக் குறும்பும் ஒன்றுதான். வித்தியாசம், அவர்கள் கையில் இருந்தது உருக்கு.

பிவிசி அந்தக் குடும்பத்துப் பொருள் இல்லை. 1930களில் ஜெர்மனியில் குழாயாக வந்து, போருக்குப் பிறகு உலகமெல்லாம் பரவியது தண்ணீருக்காக. பைப்பின் உடம்பில் அச்சடித்திருக்கும் அழுத்த எண்ணும் தண்ணீருக்கானது. பலர் இதைத்தான் பிழையாக விளங்குகிறார்கள்: ‘பைப் தாங்குமெண்டு போட்டிருக்குத்தானே?’

தண்ணீரை நெரித்தாலும் அது அநேகமாகச் சுருங்காது. பைப் வெடித்தால் கொஞ்சம் சிந்தி, அழுத்தம் உடனே பூச்சியமாகிவிடும். காத்து சுருங்கும், சுருங்கினது விரியப் பார்க்கும். இரண்டு அங்குலப் பைப்பில் அரை மீற்றர் எடுத்தால் அதற்குள் ஒரு லீற்றர் அளவு பிடிக்கும். சைக்கிள் பம்மால் 100 பிஎஸ்ஐ வரை ஏற்றினால், 50 கிலோ சீமெந்துப் பை ஒரு ஆள் உயரத்திலிருந்து விழுகிற அளவு சக்தி அதற்குள் இருக்கும். அதே அழுத்தத்தில் அதே அளவு தண்ணீரில் இருப்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

அந்தச் சக்தி விடுபடும்போது பிவிசி உருக்குப் போல வளைந்து கிழியாது, கண்ணாடி மாதிரிச் சில்லுச் சில்லாகப் பறக்கும். அதுவும் எங்கட வெயிலில் வருசக்கணக்காகக் கிடந்த துண்டு. புறஊதாக் கதிர் பட்டுப் பட்டு நொறுங்கும் தன்மை கூடியிருக்கும். சூடு ஏற ஏறத் தாங்குதிறனும் குறையும். 43 பாகை செல்சியஸ் அளவில் ஏறக்குறைய பாதிதான். எவ்வளவு பலம் போயிருக்கு என்று வெளியில் பார்த்துச் சொல்ல ஏலாது. இருபது தரம் ஒழுங்காக அடித்த துவக்கு இருபத்தோராம் தரம் கையில் வெடிக்கலாம். ‘இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கேல்லை’ என்பது இங்கே சாட்சியே இல்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 1988லேயே தொழிற்சாலைகளில் நிலத்துக்கு மேலே அழுத்தக் காத்துக்குப் பிவிசி குழாய் பாவிக்க வேண்டாம் என்று எச்சரித்தது. ஒரு வேலையாள் காயப்பட்ட பிறகுதான்.

இந்தியாவில் நடந்தது இதன் ஒன்றுவிட்ட தம்பி. 2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்தில் மலிவு விலையில் ‘கார்பைட் துப்பாக்கி’ விற்றார்கள். பிளாஸ்ரிக் குழாய்க்குள் கல்சியம் கார்பைட்டும் தண்ணீரும் சேர்ந்து அசற்றிலீன் வாயு வரும், அதைக் கொளுத்துவார்கள். அங்கே காத்துக்குப் பதில் தீ. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் சிறுவர்கள், கண் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பலருக்குப் பார்வை போனது. பிலிப்பீன்ஸில் மூங்கில் பீரங்கி பிவிசிக்கு மாறி ‘போகா’ ஆனது. அங்கே அது தடை.

எங்கட ஊரில் இதைக் கதைக்கிறது லேசில்லை. 1990க்குப் பிறகான பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணம் ஜாம் போத்தல் விளக்கில் படித்தது, சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டது, மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியது. 1990, 91இல் தீவுகளிலிருந்து இடம்பெயர்ந்து வலிகாமத்தில் இருந்த சனமும் அதே விளக்கில்தான் படித்தது. ‘எதையும் வைச்சு எதையும் செய்வம்’ என்ற பெருமை அங்கிருந்து வருகிறது, அது நியாயமான பெருமை. ஆனால் அந்தச் சனம் ஜாம் போத்தலில் நிறைய எண்ணெய் ஊற்றவில்லை. அடியில் கொஞ்சமும் பஞ்சும்தான். சிக்கனம் பாதி, பயம் பாதி என்று நாங்கள் நினைக்கிறோம்.

நெடுந்தீவில் ஒரு பிள்ளையின் கண்ணில் சில்லுப் பட்டால் குறிகாட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. அதுவும் கடல் விட்டால்.

பறக்கவிடத்தான் ஆசை என்றால் வழி இருக்கு. மொறட்டுவ ஆதர் சி. கிளார்க் நிறுவகம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நீர் ரொக்கெட் போட்டி நடத்துகிறது. சோடாப் போத்தல் வாயு அழுத்தத்துக்கென்றே செய்தது, தோத்தாலும் பெரும்பாலும் கிழியும். அதற்கும் கண்ணாடி போட்டு, நீளக் கயிறு கட்டித் தள்ளி நின்று விடவேணும். சின்னப் பிள்ளைகளுக்கு வெறும் போத்தலைக் காலால் மிதித்துக் கடுதாசி ரொக்கெட் விடுவது காணும். அதில் எதுவும் சேமிபடாது.

தண்ணி லைன் போடுகிறவர்களைக் கவனியுங்கோ. புது லைனைச் சோதிக்க முதல் தண்ணீரை நிரப்பி, உள்ளே கிடக்கிற காத்தை முழுக்க வெளியேற்றிவிட்டுத்தான் அழுத்தம் ஏற்றுவார்கள். பெரிய லைனில் மேடான இடங்களில் அதற்கென்றே காத்து வால்வு வைப்பார்கள்.