சட்டமும் சாட்சியும்: 'கூ த தொர்ஷோன்' திரைப்படமும் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவும்

முன்னுரை

புனைகதைத் திரைப்படம் ஒன்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்னும் வினா வரலாறு பயிற்றுவிப்போர் இடையே அவ்வப்போது எழுவதுண்டு. நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தவாறே காட்டாத ஒரு படைப்பு வரலாற்றுக்கு என்ன தர இயலும் என்பது அவ்வினாவின் சாரம். பெர்த்ராந்து தவேர்னியே இயக்கி 1981ஆம் ஆண்டில் வெளிவந்த 'கூ த தொர்ஷோன்' என்னும் பிரெஞ்சுத் திரைப்படத்தை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. அடுக்களைத் துணியால் அழுக்கைத் துடைத்தெடுப்பது என்பது இத்தலைப்பின் நேர்ப்பொருள். ஓரிடத்தில் உள்ள வேண்டாதவரை ஒட்டுமொத்தமாக அகற்றுவதையும் அது குறிக்கும். இப்படம் குற்றக்கதை, கூடவே நகைச்சுவைப் படமும் ஆகும். அந்நகைச்சுவை எதன்மேல் நிற்கிறது என்று தேடிச் செல்வோமாயின் குடியேற்ற ஆட்சியின் சட்ட அமைப்பையே சென்றடைவோம் என்பது நம் கருத்து.

கதையும் அதன் இடமாற்றமும்

படத்தின் மூலம் அமெரிக்க எழுத்தாளர் ஜிம் தாம்சன் 1964இல் எழுதிய 'பாப். 1280' என்னும் நாவல். அமெரிக்கத் தென்பகுதியின் சிற்றூர் ஒன்றில் ஷெரிப்பாக இருப்பவன் அசடன்போல் நடித்துக்கொண்டே கொலைகள் புரிவது அதன் கதை. தலைப்பில் உள்ள எண் ஊரின் மக்கள்தொகை. மார்செல் துயமேல் இதனைப் பிரெஞ்சில் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு 1966இல் 'செரி நுவார்' வரிசையின் 1000ஆவது நூலாக வெளிவந்தபோது தலைப்பில் இருந்த எண் 1275 ஆயிற்று. எஞ்சிய ஐவர் எங்கே போயினர் என்பது பிரெஞ்சு வாசகர் நெடுநாள் பேசிய வேடிக்கை. ஓர் ஊரில் யார் யார் உயிராக எண்ணப்படுவர் என்னும் கேள்வி அவ்வேடிக்கையின் அடியில் கிடப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

தவேர்னியேவும் அவருடன் திரைக்கதை எழுதிய ஜான் ஓராஞ்சும் இக்கதையை 1938ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆப்பிரிக்காவிற்கு மாற்றினர். புர்க்காசா உர்பாங்கி என்னும் கற்பனை ஊரின் ஒரே காவல் அதிகாரி லூசியேன் கோர்தியே. இவனாக பிலிப் நுவாரே நடித்துள்ளார். எவரையும் கைதுசெய்யாத இவனை ஊரார் எள்ளி நகையாடுகின்றனர். மனைவி தன் காதலனைத் தம்பி என்று சொல்லி வீட்டிலேயே வைத்திருக்கிறாள். விபச்சாரத் தரகர் இருவர் இவனை வெளிப்படையாகவே அவமதிக்கின்றனர். இவன் குடியிருப்பை ஒட்டியுள்ள பொதுக் கழிப்பிடத்தை அகற்றக் கேட்டும் பயனில்லை. ஒருநாள் மேலதிகாரியிடம் அறிவுரை கேட்டுத் திரும்புபவன், தன்னை இழிவுசெய்தோரை ஒருவர்பின் ஒருவராகத் தீர்க்கத் தொடங்குகிறான். கழிப்பிடப் பலகையை அறுத்துவைத்துச் செல்வரை மலக்குழியில் வீழ்த்துவதும் அவன் செயலே. பார்ப்போர் சிரிக்கின்றனர், அவன் பக்கம் சாய்ந்தும் விடுகின்றனர்.

அமெரிக்கத் தென்பகுதிக் கதை மேற்கு ஆப்பிரிக்காவில் இத்துணை இயல்பாகப் பொருந்தியது எங்ஙனம்? இரண்டு இடங்களிலும் சட்டம் தோலின் நிறத்தால் இரண்டாகப் பிரிந்திருந்தது என்பதே விடை.

இரண்டு சட்டங்கள்

1895இல் அமைக்கப்பட்ட பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டாட்சியில் 1930களில் ஏறத்தாழ 1.5 கோடி மக்கள் வாழ்ந்தனர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் பிரான்சின் குடிமக்கள் அல்லர், குடிபடைகளே. 1881இல் அல்ஜீரியாவில் சட்டவடிவம் பெற்று 1887இல் செனகலுக்கு நீட்டிக்கப்பட்ட 'அந்திழேனா' என்னும் உள்நாட்டார் ஒழுங்குமுறை இவர்களை ஆண்டது. வெள்ளை நிருவாகி நீதிமன்ற விசாரணை ஏதுமின்றி 15 நாள் சிறையும் 100 பிராங்கு தண்டமும் வரை விதிக்க அது இடமளித்தது. வரி கட்டத் தாமதித்தலும் அதிகாரிக்கு உரிய மரியாதை காட்டாமையும் குற்றங்களாகக் கொள்ளப்பட்டன. குற்றஞ்சாட்டுபவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவரே; ஆதலின் சாட்சிக்கு அங்கு வேலையில்லை. இம்முறையும் கட்டாய உழைப்பும் 1946இல்தான் ஒழிந்தன.

இப்பின்னணியில் காணும்போது கோர்தியே சட்டத்தை மீறுபவனாக மட்டும் தெரிவதில்லை. விசாரணையின்றித் தண்டிக்கும் முறை ஆப்பிரிக்கர்மேல் நாள்தோறும் செலுத்தப்பட்டது; அவன் அதனையே வெள்ளையர்மேல் திருப்புகிறான். படத்தின் நகைச்சுவை இத்திருப்பத்தில்தான் பிறக்கிறது.

எனினும், வரலாற்றாசிரியர் சுட்டவேண்டிய குறைகளும் உள. உண்மையில் மாவட்ட அதிகாரம் காவல் அதிகாரியிடம் இருந்ததில்லை. 'கொமாந்தான் த செர்க்ல்' எனப்பட்ட மாவட்ட நிருவாகியிடமே இருந்தது. அவரும் தனித்து ஆண்டவர் அல்லர். மொழிபெயர்ப்பாளர், ஊர்க்கூட்டத் தலைவர், காவலர் ஆகிய ஆப்பிரிக்க இடைநிலையினரைச் சார்ந்தே ஆட்சி நடந்தது. அமாது அம்பாத்தே பா 1973இல் வெளியிட்ட 'வாங்ரினின் விந்தையான ஊழ்' என்னும் நூலின் தலைமகன் அத்தகைய ஒரு மொழிபெயர்ப்பாளனே. வெள்ளை அதிகாரிகளை ஏய்த்துப் பொருள் சேர்க்கும் அவனது கதையும் சிரிக்க வைப்பதே; ஆனால் அங்கே சிரிப்பின் கயிறு ஆப்பிரிக்கன் கையில் இருக்கிறது. தவேர்னியேவின் ஊரில் அவ்விடைநிலையினருக்கு இடமில்லை.

படப்பிடிப்பு நடந்த இடம் இக்குறையை மேலும் கூர்மையாக்குகிறது. 1659இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய செயிந்து லூயி நகரில் இப்படம் எடுக்கப்பட்டது. அந்நகரும் தக்கார், கோரே, ரூஃபிஸ்க் ஆகியவையும் செனகலின் நான்கு கொம்யூன்களாக விளங்கின. அவற்றில் பிறந்த ஆப்பிரிக்கர் நெடுங்காலமாக வாக்குரிமை பெற்றிருந்தனர். பிளேஸ் தியாஞ் முயன்று கொணர்ந்த 1916ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களது பிரெஞ்சுக் குடியுரிமையை உறுதிசெய்தது. கறுப்பினத்தவர் வாக்களித்துத் தம் உறுப்பினரைப் பாரிசுக்கு அனுப்பிய நகரின் தெருக்களே, திரையில் அவர்களுக்குக் குரலற்ற ஊராக மாறின.

வெள்ளிக்கிழமையின் மரணம்

சிரிப்பு நின்றுபோகும் இடம் ஒன்று படத்தில் உண்டு. ரோஸ் என்பவளின் கொடிய கணவனைக் கோர்தியே கொன்றுவிடுகிறான். பிணத்தை அவள் வீட்டிற்குக் கொண்டுவந்து சேர்க்கிறான் ஓர் ஆப்பிரிக்கப் பணியாள். அவன் பெயர் 'வாந்த்ரதி', அதாவது வெள்ளிக்கிழமை. ராபின்சன் குரூசோவின் பணியாளுக்கு இடப்பட்ட பெயரும் அதுவே. அவன் யாருக்கும் தீங்கு செய்தவன் அல்லன். நடந்ததை அறிந்துவிட்டான், அவ்வளவே. கோர்தியே அவனையும் சுட்டுக் கொல்கிறான்.

அதுவரை கொல்லப்பட்டோர் கொடியவர் என்று பார்ப்போர் தம்மைத் தேற்றிக்கொள்ள முடிந்தது. இக்கொலைக்கு அந்த ஆறுதல் இல்லை. வெறுப்பினாலன்றிச் சாட்சியை அகற்றும் பொருட்டே இது நிகழ்கிறது. படம் முழுவதிலும் குடியேற்ற ஆட்சியின் இயல்பை மிகத் துல்லியமாக வெளிப்படுத்தும் காட்சி இதுவே என்பது நம் துணிபு.

இக்காட்சியை மறுபக்கத்திலிருந்து கண்டவர் கமரூன் எழுத்தாளர் பெர்தினான் ஓயோனோ. 1956இல் வெளிவந்த 'ஒரு பணியாளின் வாழ்க்கை' என்னும் அவரது நாவல், துந்தி என்னும் வீட்டுப் பணியாளின் நாட்குறிப்பாக அமைந்தது. நிருவாகியின் மனைவிக்குச் சிறையதிகாரியுடன் உள்ள உறவு துந்திக்குத் தெரிந்துவிடுகிறது. அது தெரிந்தவன் என்பதே அவனது குற்றமாகிறது, கொடுமைக்குள்ளாகி இறக்கிறான். ஆயினும் அவன் எழுதி வைத்தது எஞ்சுகிறது. வெள்ளிக்கிழமைக்கு அவ்வாய்ப்பும் இல்லை.

சாட்சியை அகற்றல் கதைகளில் மட்டும் நிகழ்ந்ததன்று. 1934ஆம் ஆண்டின் லவால் ஆணை, பிரெஞ்சு ஆப்பிரிக்காவில் படம் எடுப்பதற்கு ஆட்சியின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. இவ்வாணையை மீறி ரெனே வோத்தியே எடுத்த 'ஆப்பிரிக்கா 50' என்னும் ஆவணப்படம் பிரான்சில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தடையில் இருந்தது; எடுத்தவர் சிறை சென்றார்.

முடிவுரை

வரலாற்றுச் சான்று என்ற முறையில் 'கூ த தொர்ஷோன்' 1938ஆம் ஆண்டின் நிருவாக அமைப்பைச் சரியாகக் காட்டவில்லை. ஆனால், விசாரணையற்ற தண்டனை வழக்கமாகிவிட்ட ஊரில் வாழ்வோரின் மனம் எவ்வாறு மரத்துப்போகும் என்பதை ஆவணங்களைவிட நன்கு உணர்த்துகிறது. படத்தின் தொடக்கத்தில் சூரிய கிரகணத்தின்போது குளிரால் வாடும் ஆப்பிரிக்கச் சிறுவர்களுக்குக் கோர்தியே தீமூட்டிக் கொடுக்கிறான். இறுதியில் அவர்களை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறான். இவ்விரு காட்சிகளிலும் சிறுவர்கள் என்ன நினைத்தனர் என்பதைப் படம் சொல்வதில்லை.

எனவே, இப்படத்தை வகுப்பறையில் தனித்துத் திரையிடுவது போதாது என்பது நம் பரிந்துரை. ஓயோனோவின் நாவலையும் அம்பாத்தே பாவின் நூலையும் அதனருகே வைத்துப் பயிற்றுதல் வேண்டும். முதற்காட்சியிலிருந்து தாம் எங்கெங்கே சிரித்தோம், எவ்விடத்தில் சிரிப்பை நிறுத்தினோம் என்று மாணவர் குறித்து வருவாராயின், அக்குறிப்புகளிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.