கால் நாடி அடைப்பு: பலூன் போட்ட பிறகும் குளிசை எதற்கு?

சுவிசுக்கு வந்த எங்கள் தலைமுறையில் பலர் உணவகச் சமையலறைகளில் நின்றே இருபது, முப்பது ஆண்டுகளைக் கழித்தவர்கள். வணிகமாணிப் பட்டத்தோடு வந்து தட்டுக் கழுவிய எங்களைப் போன்றவர்களும் அதில் அடக்கம். கால் வலித்தால், "நின்ற வேலை, வேறென்ன?" என்று எண்ணெய் தடவிவிட்டுப் படுத்துவிடுவோம்.

அந்த வலிகளில் ஒன்று மட்டும் வேறு வகையானது. நடக்கத் தொடங்கிக் கொஞ்சத் தூரத்தில் கெண்டைக்கால் இறுகும். நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். ஜேர்மன் மொழியில் இதற்கு 'ஷவ்பென்ஸ்ரர் கிராங்ஹைற்' என்று ஒரு பேச்சுப் பெயர் உண்டு. கடைக் கண்ணாடி நோய் என்று சொல்லலாம். வலியால் நிற்பவர், கடைக் கண்ணாடிக்குள் பொருள் பார்ப்பவரைப் போல நிற்பதால் வந்த பெயர்.

காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகுவதுதான் காரணம். புகைத்தலும் நீரிழிவும் இதன் முதன்மைக் காரணிகள். உயர் இரத்த அழுத்தமும் கொலஸ்ரரோலும் கூடச் சேரும். நீரிழிவு எங்கள் வீடுகளில் எவ்வளவு என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

பலூன் பிறந்த ஊர்

1964 ஜனவரியில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் சார்ள்ஸ் டொற்றர் என்ற மருத்துவர், காலை வெட்ட மறுத்த 82 வயது மூதாட்டியின் தொடை நாடியைக் கத்தியின்றி, குழாய் செலுத்தி விரித்தார். கால் தப்பியது. அந்த முறையைப் பலூனாக மாற்றியது சூரிச். கிழக்கு ஜேர்மனியை விட்டு மேற்கே வந்து மருத்துவம் படித்த அந்திரேயாஸ் குறுன்சிக், தன் வீட்டுச் சமையலறை மேசையில் பலூன் குழாய்களைச் செய்து பார்த்தார். 1974 பெப்ரவரியில் சூரிச் பல்கலைக்கழக வைத்தியசாலையில் ஒரு நோயாளியின் கால் நாடியை அப்படித் திறந்தார். 1977 செப்ரெம்பரில் அதே ஊரில் இதய நாடிக்கும் அதைச் செய்தார். இதயத்துக்குப் போடும் பலூனை எல்லோரும் அறிவார்கள். அது முதலில் காலுக்கு வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

பலூன் வழியைத் திறக்கிறது. ஆனால் நோய் அந்த ஒரு இடத்தில் மட்டும் இருப்பதில்லை. விரித்த இடத்தில் நாடிச்சுவர் புண்படுகிறது, அங்கே இரத்தம் உறையலாம், மாதங்கள் போகப் போக அது மறுபடி குறுகலாம். ஆகவே ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி, "பலூனா, மருந்தா?" என்பதல்ல. பலூனோடு எந்த மருந்து, எவ்வளவு காலம், என்ன விலைக்கு என்பதுதான்.

சூரிச் மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நல்ல உதாரணம். தொடை, முழங்கால் நாடிக்குப் பலூன் போட்ட 275 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு அஸ்பிரின் மட்டும். மறு பகுதிக்கு அஸ்பிரினோடு மூன்று மாதம் டால்ரெபரின் ஊசி. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மொத்தமாக எடுத்தால் இரு பகுதிக்கும் தெளிவான வேறுபாடு இல்லை. கால் இழக்கும் நிலையில் வந்தவர்களிடம் மட்டும் ஊசியால் பயன் தெரிந்தது. இப்படி ஒரு சிறு பகுதியில் மட்டும் தெரியும் பயனை மறுபடி சோதித்துத்தான் நம்ப வேண்டும்.

வரவும் செலவும்

இதே கேள்வியைப் பெரிய அளவில் கேட்டது 'வொயேஜர்' என்ற ஆய்வு. 34 நாடுகளில் 6,564 பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் காலுக்குப் பலூன், ஸ்ரென்ற் அல்லது மாற்றுவழிச் சத்திரசிகிச்சை செய்தவர்கள். எல்லோருக்கும் அஸ்பிரின். அதோடு பாதிப் பேருக்கு ரிவரொக்சபான் 2.5 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு தடவை, மறுபாதிக்கு மருந்தில்லாத போலிக் குளிசை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முடிவு 2020 மார்ச்சில் வந்தது.

அதை ஆயிரம் பேர், மூன்று ஆண்டுகள் என்று வைத்துப் பேரேட்டில் எழுதிப் பார்த்தோம்.

வரவுப் பக்கம்: காலில் திடீர் அடைப்பு, பெரிய அளவில் கால் அகற்றல், மாரடைப்பு, அடைப்பால் வரும் பக்கவாதம், இதய நாடி நோயால் மரணம் ஆகியவற்றில் ஒன்று வந்தவர்கள் அஸ்பிரின் மட்டும் எடுத்தோரில் 199 பேர். இரண்டும் எடுத்தோரில் 173 பேர். 26 பேர் தப்பினார்கள். காலில் திடீர் அடைப்பு மட்டும் 78இலிருந்து 52ஆகக் குறைந்தது.

செலவுப் பக்கம்: கடும் இரத்தப்போக்கு 19 பேரிலிருந்து ஏறக்குறைய 27 பேராகக் கூடியது. 'கடும்' என்பதன் வரையறையைச் சற்று அகலப்படுத்தி எண்ணினால் 41 பேர் 59 ஆனார்கள்.

இதில் இரண்டு விடயங்கள் கவனிக்க வேண்டியவை. மருந்து எடுத்தும் 173 பேருக்கு ஏதோ ஒன்று வந்தது, ஆகவே மருந்து காப்புறுதிப் பத்திரம் அல்ல. அடுத்தது, இரண்டு பக்கமும் ஒரே நாணயத்தில் இல்லை. வயிற்றுப்புண் இருந்து இரத்தம் போன ஒருவருக்கும், ஏற்கனவே ஒரு காலை இழந்த ஒருவருக்கும் இந்தக் கணக்கு ஒன்றாக முடியாது. அதனால்தான் எல்லோருக்கும் ஒரே மருந்துச்சீட்டு எழுதப்படுவதில்லை.

மூன்றாவது மருந்து நடை. 2012இல் அமெரிக்காவில் வெளியான 'கிளெவர்' ஆய்வில், இடுப்பு நாடி அடைப்பு உள்ள 111 பேரைப் பிரித்துச் சோதித்தார்கள். ஆறு மாதத்தில் நடக்கக்கூடிய நேரம் மருந்து மட்டும் எடுத்தோருக்கு 1.2 நிமிடம் கூடியது. ஸ்ரென்ற் வைத்தோருக்கு 3.7 நிமிடம். மேற்பார்வையில் நடைப்பயிற்சி செய்தோருக்கு 5.8 நிமிடம். 2015இல் வந்த நெதர்லாந்து ஆய்வில், பலூனும் நடைப்பயிற்சியும் சேர்ந்தபோது தனி நடைப்பயிற்சியைவிடக் கூடிய தூரம் நடக்க முடிந்தது.

எங்கள் ஆட்கள் தவறுவது எங்கே?

முதலாவது, சொல்லில். நாங்கள் இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம், உணர்வு கடத்துவதையும் நரம்பு என்கிறோம். "நரம்பு இழுக்குது" என்று அப்பா சொல்வதைப் பிள்ளை 'நேர்வ்' என்று மொழிபெயர்த்தால் மருத்துவர் வேறு திசையில் தேடுவார். எவ்வளவு தூரம் நடந்தால் பிடிக்கிறது, நின்றால் எத்தனை நிமிடத்தில் விடுகிறது என்பதைச் சொல்லுங்கள். இரத்த ஓட்டக் குறைவுக்கு ஜேர்மனில் 'டுர்ஹ்புளூற்றுங்ஸ்ஸ்ரோறுங்', அதைப் பார்க்கும் நிபுணர் 'அங்கியோலோகே'. முதற் சோதனை எளியது: கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.9க்குக் கீழே வந்தால் அடைப்பு என்று கொள்வார்கள். நீரிழிவுக்காரருக்கு நாடி விறைத்திருந்தால் இந்த எண் பொய்யாக நன்றாக வரும். அவர்களுக்குக் கால் பெருவிரலில் அளக்க வேண்டும்.

இரண்டாவது, பணத்தில். மாதக் கட்டணம் குறையட்டும் என்று 2,500 பிராங் பிராஞ்சீஸ் எடுத்துவிட்டு, செலவுக்குப் பயந்து மருத்துவரிடம் போகாமல் இருப்பவர்களை எங்களுக்குத் தெரியும். தொடர்ந்து மருந்து எடுக்கும் ஒருவருக்கு 300 பிராங் பிராஞ்சீஸ்தான் பெரும்பாலும் இலாபம். அதற்குமேல் 10 வீதம், ஆண்டுக்கு 700 பிராங் வரைதான் எங்கள் பங்கு. அடுத்த ஆண்டுக்குக் குறைக்க விரும்பினால் நவம்பர் முடிவதற்குள் காப்புறுதிக்குக் கடிதம் சேர வேண்டும்.

மூன்றாவது, பலூன் போட்டு வலி போனதும் குளிசையை நிறுத்துவது. வலி இல்லை என்பது நோய் இல்லை என்பதல்ல. நிறுத்துவதானால் மருத்துவரைக் கேட்டு நிறுத்துங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு இபுபுரோபன் போன்ற வலிக்குளிசைகளைக் கேட்காமல் போடாதீர்கள், இரத்தப்போக்கு கூடும். மலம் கறுத்துப் போனால் உடனே சொல்லுங்கள். புகைப்பவர் புகையை நிறுத்தாவிட்டால் மேலே சொன்ன கணக்கு எதுவும் நிலைக்காது.

ஒரு கால் திடீரென்று குளிர்ந்து, வெளிறி, தாங்க முடியாமல் வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 144ஐ அழையுங்கள். மணித்தியாலக் கணக்கில்தான் அந்தக் காலுக்கு நேரம் இருக்கிறது.