சுருக்கம் நிரப்பும் ஊசி

இன்று தில்லி, மும்பை, பெங்களூர், ஐதராபாத்து ஆகிய பெருநகரங்களில் எங்கு நாம் குடியிருந்தாலும், கடைத்தெருவில் ஒரு பலகை கண்ணில் படாமல் போவதில்லை. முகச் சுருக்கத்தை ஊசியால் போக்குவதாக அது கூறும். பலகையின் மொழி ஊருக்கு ஊர் மாறுகிறது. அதில் காணும் 'ஃபில்லர்' என்ற சொல் மட்டும் மாறுவதில்லை. தமிழில் 'நிரப்பி' எனலாம். வயது ஏற ஏற, முகத்தின் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு குறைகிறது; எலும்பும் சிறிது தேய்கிறது; தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் மெலிகிறது. கன்னம் தளர்ந்து, மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை ஓடும் பள்ளம் ஆழமாகிறது. அப்பள்ளத்தை உள்ளிருந்து நிரப்புவதே இவ்வூசியின் வேலை. தசையின் அசைவைச் சில மாதங்களுக்கு அடக்கி வைக்கும் 'போடாக்ஸ்' என்பது வேறு மருந்து. இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் பலர்.

இது நம் காலத்துப் புதுமை என்று நினைப்போரும் உளர். உண்மையில் இதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் முதற்பகுதியில் அழகை நாடியவர்களைவிட நோயாளிகளே மிகுதி என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

1893-ஆம் ஆண்டில் நோய்பர் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர், நோயாளியின் கையிலிருந்து சிறிது கொழுப்பை எடுத்து, முகத்தில் குழிந்திருந்த தழும்பின் அடியில் வைத்தார். எலும்பைத் தாக்கிய காசநோய் விட்டுச் சென்ற குழி அது. அவரவர் உடலின் பொருளே ஆகையால் பகை இல்லை. ஆயினும் வைத்த கொழுப்பில் எவ்வளவு பிழைக்கும், எவ்வளவு கரையும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. கரையாத ஒரு பொருள் கிடைக்காதா என்ற ஏக்கம் மருத்துவர்களுக்கு உண்டாயிற்று.

கிடைத்தது மெழுகு. 1899-இல் வியன்னா நகரத்து மருத்துவர் ராபர்ட் கெர்சூனி, காசநோயால் விரைகளை இழந்த ஓர் இளைஞருக்கு, உருவம் குறையாமல் தோன்றும்பொருட்டு வாசலின் களிம்பை உருக்கி ஊசி வழியே செலுத்தினார். உள்ளே சென்றதும் அது இறுகி நின்றது. செய்தி பரவியதும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மெழுகு ஊசி ஒரு பெருவழக்காயிற்று. அதனை நாடி வந்தவர்களுள் பலர் மூக்கு அமிழ்ந்தவர்கள். பெனிசிலின் தோன்றாத காலம் அது. மேகநோய் முற்றினால் மூக்குத்தண்டின் எலும்பு சிதைந்து, நடுப்பகுதி குதிரைச் சேணம் போலக் குழிந்துவிடும். அத்தகைய மூக்குடன் தெருவில் நடப்பவர், தம் நோயைத் தாமே பறையறைந்து செல்வது போலாகும். அவர் மெழுகை நாடியதை வீண் ஒப்பனை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

நோயற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். சிகாகோ நகரத்து சார்லஸ் மில்லர் 1907-இல் முகக் குறைகளைத் திருத்துவது பற்றித் தனி நூலே எழுதினார். கிளாடிஸ் டீக்கன் என்ற அமெரிக்கப் பெண்மணி ஐரோப்பியச் சீமான்களிடையே பேரழகி எனப் பெயர் பெற்றவர். கிரேக்கச் சிலைகளைப் போல் நெற்றியிலிருந்து மூக்கு நேர்கோடாக இறங்க வேண்டும் என்று விரும்பி, இருபது வயதைச் சற்றே கடந்த பருவத்தில் மூக்கில் மெழுகு ஏற்றிக்கொண்டார். மெழுகு வைத்த இடத்தில் நிற்கவில்லை; முகத்தில் கீழ்நோக்கி இறங்கிற்று. 1921-இல் அவர் மார்ல்பரோ கோமகனை மணந்தார்; 1977-இல் காலமானார். குலைந்த முகத்தைச் சுமந்தே அந்த நீண்ட வாழ்வு கழிந்தது.

அவருக்கு நேர்ந்தது தனிப்பட்ட விபத்தன்று. மெழுகை உடலால் செரிக்கவும் இயலாது, வெளியேற்றவும் இயலாது. ஆகவே அதைச் சுற்றி நார்த்திசுவால் சுவர் எழுப்புகிறது. சில மாதங்களிலோ பல ஆண்டுகள் கழித்தோ அவ்விடம் கல்லைப் போல் கட்டிப்படும், தோல் சிவக்கும், சிலருக்குப் புண்ணாகி உடையும். அறுத்து எடுக்கலாம் என்றால், மெழுகும் தசையும் பின்னிக் கிடப்பதால் தசையையும் சேர்த்தே அறுக்க வேண்டும். குருதிக் குழாயில் மெழுகு புகுந்து கண்ணொளி இழந்தவர்களும் உயிர் இழந்தவர்களும் உண்டு. எந்தக் குணத்திற்காக அதனை விரும்பினார்களோ, அந்த நிலைபேறே அதன் நஞ்சாக முடிந்தது. மேல்நாட்டு மருத்துவர்கள் முதல் உலகப்போருக்குப் பின் மெல்ல மெல்ல அதனைக் கைவிட்டனர்.

படிப்பினை மறந்துபோக ஒரு தலைமுறை போதுமானதாக இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மின்மாற்றிகளுக்கும் விமானங்களுக்கும் பயன்பட்ட சிலிகோன் திரவம், போருக்குப் பின் ஜப்பானில் மனித உடலில் ஏறிற்று. அது நகராமல் நிற்க வேண்டும் என்பதற்காக, திசுவை வேண்டுமென்றே எரிச்சலூட்டித் தழும்பு உண்டாக்கும் எண்ணெயையும் சிலர் கலந்தனர்! 1960-களில் அமெரிக்காவில், குறிப்பாக நெவாடா மாநிலத்து நடன அரங்குகளில், அது பரவியது. கட்டிகளும் புண்களும் பெருகவே, 1970-களில் அம்மாநிலம் அதனைச் சட்டத்தால் தடுத்தது. மெழுகின் கதையே வேறு பெயரில் நடந்ததாகையால் இதனை மேலும் விரிக்க வேண்டியதில்லை.

1981-இல் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிருவாகம், மாட்டுத்தோலிலிருந்து எடுத்த கொலாஜனைச் சுருக்கம் நிரப்ப ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ நூற்றுக்கு மூவருக்கு அது ஒவ்வாதாகையால், முதலில் முன்கையில் சிறிது செலுத்தி நான்கு வாரம் காத்திருந்து பார்க்கும் முறை வந்தது. அது மூன்று நான்கு மாதங்களில் கரைந்துவிடும். கொடுத்த பணம் கரைந்ததே என்று பலர் குறைப்பட்டுக்கொண்டனர். ஒவ்வாமை கண்டவர்களோ, அது கரைந்ததற்காக நன்றி பாராட்டியிருப்பர்.

இப்போது பெரிதும் வழங்கும் பொருளின் தோற்றம் சுவையானது. 1934-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மையர், ஜான் பால்மர் என்னும் இருவர், மாட்டின் கண்ணுக்குள் நிறைந்திருக்கும் பளிங்கு போன்ற கூழிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஹயலூரானிக் அமிலம் எனப் பெயரிட்டனர். தன் எடையினும் பன்மடங்கு நீரைப் பிடித்து வைக்கும் இயல்புடையது அது. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் ஏறத்தாழ 15 கிராம் இருக்கும். அதில் பாதி தோலிலேயே உள்ளது. நாள்தோறும் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிதைந்து புதிதாகிறது. ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பாலாஷ், சேவற்கொண்டையிலிருந்து அதனைத் தூய்மையாக எடுக்கும் வழி கண்டார். 1980 முதல் அது கண்புரை அறுவையில் உதவி வருகிறது. முகத்திற்கு அப்படியே செலுத்தினால் சில நாட்களில் மறைந்துவிடும். ஆகவே சுவீடன் நாட்டில் அதன் இழைகளை வேதிமுறையில் ஒன்றோடொன்று பிணைத்துக் கூழாக்கினர். நுண்ணுயிரிகளைக் கொண்டு ஆக்கப்பட்டதால் மாடும் சேவலும் விடைபெற்றன. சைவ உணவினர்க்கும் தயக்கம் நீங்கிற்று. 1996-இல் ஐரோப்பாவிலும், 2003-இன் இறுதியில் அமெரிக்காவிலும் அது வழக்கத்திற்கு வந்தது. ஓராண்டு அளவில் கரைந்துவிடும் என்பது பொதுக் கூற்று. ஆயினும் உட்படம் எடுத்துப் பார்த்தபோது, சிலரது முகத்தில் பல ஆண்டுகளுக்குப் பின்னும் எஞ்சியிருக்கக் கண்டனர்.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2001-இல் மும்பையைச் சேர்ந்த சிப்லா நிறுவனம், எய்ட்ஸ் நோய்க்கான மும்மருந்துக் கூட்டை, எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் தொண்டமைப்புக்கு ஓர் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்து உலகையே வியக்கச் செய்தது. அம்மூன்றில் ஒன்று ஸ்டாவுடின். உயிரைக் காத்த அம்மருந்து, நெடுநாள் உண்டவர் பலரின் கன்னக் கொழுப்பைத் தின்றுவிட்டது. உடல் தேறிய பின்னும் ஒட்டிய கன்னம் நோயைக் காட்டிக்கொடுத்தது; மறைக்க முடிந்த செய்தியை முகம் அண்டை வீட்டாருக்கு உரைத்தது. நூறாண்டுக்கு முன் அமிழ்ந்த மூக்கு பேசியதும் இதே மொழிதான். கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் வகையைச் சேர்ந்த பாலிலாக்டிக் அமிலத்தை, 2004-இல் அமெரிக்க நிருவாகம் இந்நோயாளிகளின் கன்னக் குழிவை நிரப்பவே முதலில் ஏற்றுக்கொண்டது. விலையோ சிறிதன்று. 2009-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாக விலக்குமாறு நாடுகளுக்கு அறிவுறுத்தியது.

இனி அச்சம் தரும் பகுதிக்கு வருவோம். மூக்கிலும் புருவ இடையிலும் ஓடும் நுண்ணிய தமனிகள் கண்ணுக்குச் செல்லும் தமனியோடு இணைந்தவை. ஊசிமுனை தவறித் தமனியினுள் புகுந்து, நிரப்பி அழுத்தத்தோடு பாய்ந்தால், அது பின்னோக்கிச் சென்று விழித்திரையின் குருதியை அடைத்துவிடும். கண்ணிலிருந்து பிறந்த பொருளே கண்ணைப் பறிக்கும். இது அரிதாகவே நேர்வது. நேர்ந்தால் பார்வை திரும்புவது அதனினும் அரிது. 2015-இல் அமெரிக்க நிருவாகம் இதுபற்றித் தனி எச்சரிக்கை விடுத்தது.

ஹயலூரானிக் அமிலத்திற்கு ஒரு மாற்று உண்டு. ஹயலூரானிடேஸ் என்னும் நொதி அதனை வெட்டிக் கரைக்கும். பாம்பு, தேனீ ஆகியவற்றின் நஞ்சு திசுவில் விரைந்து பரவுவதற்குத் துணைசெய்வதும் இவ்வகை நொதியே. கட்டி கண்டாலோ, தோல் வெளுத்துக் குருதியோட்டம் நின்றாலோ, மருத்துவர் உடனே அதனைச் செலுத்துவார். மெழுகுக்கும் சிலிகோனுக்கும் இத்தகைய மாற்று இன்றளவும் இல்லை. அழகு நிலையங்களிலும் வீட்டு அறைகளிலும் மலிவாகப் போடப்படும் ஊசிக்குள் இருப்பது எது என்பதைப் போடுகிறவரே அறியாத நிலையும் உலகெங்கும் உண்டு. பயிற்சி பெற்ற மருத்துவரிடம், அந்த நொதி கையிருப்பில் உள்ள இடத்தில் மட்டுமே இதனைச் செய்துகொள்ள வேண்டும் என்பதன் காரணம் இப்போது விளங்கும். மருந்துப் பெட்டியில் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். அதனைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், வேலை மாற்றலில் நாம் எந்த ஊருக்குச் சென்றாலும், அவ்வூர் மொழி நமக்குச் சரளமாக வராவிட்டாலும், தோலுக்கடியில் இருப்பது என்ன என்று அங்குள்ள மருத்துவர் பார்த்த அளவில் அறிந்துகொள்வார்.