ராய்சௌத்ரியும் ஏறுமாறான பிரபஞ்சமும்

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து பதினோரு வருஷம் ஆகிறது. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கும்போது நம்மவர்கள் யாரையாவது பார்த்தால், பேச்சு எப்படியோ சர் சி.வி.ராமனில் வந்து நிற்கும். அவர் அரசாங்கக் கணக்கு வேலைக்குப் போய்க்கொண்டே ஆராய்ச்சி செய்த ஊர் அல்லவா, நமக்கொரு பெருமை.

அவர் ஆராய்ச்சி செய்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் பின்னால் ஜாதவ்பூருக்கு இடம் மாறியது. 1952-ல் அங்கே இன்னொருவர் வேலைக்குச் சேர்ந்தார். பெயர் அமல் குமார் ராய்சௌத்ரி. பரிசாலில் 1923 செப்டம்பர் 14 அன்று பிறந்தவர். அவருக்கு ஆசை ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில். கழகம் கொடுத்த வேலையோ உலோகங்களின் தன்மைகளை ஆராய்வது. சம்பளத்துக்கு உலோகம், மனசுக்குப் பிரபஞ்சம் என்று ஓட்டினார். நம்மில் பலருக்கும் பழக்கமான கதைதான்!

சரி, விஷயத்துக்கு வருவோம். அன்றைய பிரபஞ்சக் கணக்குகளில் பெரும்பாலானவை எல்லாத் திசையிலும் ஒரே சீரான விரிவை வைத்துக்கொண்டவை. பின்னோக்கிப் போனால் எல்லாம் ஒரே புள்ளியில் முட்டி அடர்த்தி எல்லையில்லாமல் போய்விடும். இது நிஜமா, அல்லது சீராக இருப்பதாக நாம் வைத்துக்கொண்டதன் விளைவா? ராய்சௌத்ரியைக் குடைந்த கேள்வி இது.

சப்பாத்தி மாவை எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்த்தால் வட்டம் வட்டமாகவே பெரிதாகும். ஒரு பக்கமாகவே தேய்த்தால் நீள்வட்டமாகும். பிரபஞ்சமும் அப்படி ஏறுமாறாக விரிந்தால்? 1921-லேயே எட்வர்ட் காஸ்னர் இரண்டு திசையில் விரிந்து மூன்றாவதில் சுருங்கும் வெற்று வெளிக்குத் தீர்வு எழுதியிருந்தார். ராய்சௌத்ரி இந்த ஏறுமாறையும் சுழற்சியையும் சேர்த்தே ஒரு பொதுச் சமன்பாடு எழுதினார். 1955-ல் 'பிசிக்கல் ரிவ்யூ' இதழில் வெளியானது. விடை எதிர்பார்ப்புக்கு நேர்மாறு. சுழற்சி குவிவதைத் தடுக்கப் பார்க்கும். ஏறுமாறோ குவிவதை இன்னும் வேகப்படுத்தும். கோணலாக இருந்தால் தப்பிக்கலாம் என்பது நடக்காது. பத்து வருஷம் கழித்து பென்ரோஸும் ஹாக்கிங்கும் தங்கள் தேற்றங்களுக்கு இந்தச் சமன்பாட்டைத்தான் கருவியாக எடுத்துக்கொண்டார்கள்.

இதில் ஈர்ப்பலை எங்கே வந்தது? ஈர்ப்பலை கடந்து போகும்போது வட்டத்தை நீள்வட்டமாக்கும், ஒரு பக்கம் நீட்டி மறுபக்கம் சுருக்கி. அதாவது ராய்சௌத்ரியின் அதே ஏறுமாறு, சின்ன அளவில்.

சீரான பிரபஞ்சத்தில் அலை எந்தத் திசையில் போனாலும் ஒரே விகிதத்தில் நீளும். ஏறுமாறான பிரபஞ்சத்தில் அதிகம் விரியும் திசையில் போகிற அலை அதிகம் நீளும். சுருங்கும் திசையில் போகிற அலை குறுகும். ஈர்ப்பலைக்குக் கூட்டல் குறி மாதிரி ஒன்று, பெருக்கல் குறி மாதிரி ஒன்று என்று இரண்டு அதிர்வுகள் உண்டு. சீரான வெளியில் இரண்டும் தனித்தனியே பயணம் செய்யும். ஏறுமாறான வெளியில் ஒன்று மற்றொன்றில் கலந்துவிடலாம்.

நம் பிரபஞ்சம் எப்படி? 1992-ல் கோபி செயற்கைக்கோள் கண்டபடி, ஆதி வெளிச்சத்தின் வெப்பநிலையில் உள்ள வித்தியாசம் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். அநேகமாகச் சீர். ஆனால் அந்த வெளிச்சம் கிளம்பியபோதே பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 3,80,000 வருஷம். அதற்கு முன் கோணலாக இருந்து பிறகு நேரானதா என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடியவை அப்போது கிளம்பிய ஈர்ப்பலைகள். அவற்றை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ராய்சௌத்ரி 1961 முதல் பிரசிடென்சி கல்லூரியில் பாடம் நடத்தினார். 2005-ல் காலமானார். அமெரிக்காவின் லைகோ கருவி முதல் ஈர்ப்பலையைப் பிடித்தது 2015-ல். தேதி? செப்டம்பர் 14. அவருடைய பிறந்தநாள். தற்செயல்தான், தெரியும். ஆனாலும் என் பெண்ணிடம் சொன்னபோது, "அப்பா, உலோகத்தைப் பத்தி அவர் என்ன கண்டுபிடிச்சார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த தடவை லேக் மார்க்கெட்டில் ராமன் பேச்சு வந்தால், இவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.