உங்க வீட்டு வைஃபை ரௌட்டரின் சாஃப்ட்வேரை நீங்களே மாற்றலாமா? 'ஓபன்டபிள்யூஆர்டி' பற்றி தெரிஞ்சுக்கோங்க!

வீட்டில் நெட் வரலைன்னா நாம முதலில் என்ன செய்வோம்? ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம். அதைத் தாண்டி அந்த டப்பாவைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆனால் அதுவும் ஒரு குட்டி கம்ப்யூட்டர்தான். பிராசசர், மெமரி எல்லாம் உண்டு. அதை இயக்கும் மென்பொருளுக்குப் பெயர் ஃபர்ம்வேர். (தமிழில் 'நிலைப்பொருள்' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. கடையில் போய் அப்படிக் கேட்டால் ஒருமாதிரி பார்ப்பார்கள்.)

சிக்கல் என்னன்னா, ரௌட்டரை விற்ற நிறுவனம் சில வருஷத்தில் அந்த மாடலுக்கு அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிடும். டப்பா நல்லாவே ஓடும். ஆனால் புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள். 2018-ல் 'விபிஎன்ஃபில்டர்' என்ற மால்வேர் உலகம் முழுக்க சுமார் 5 லட்சம் ரௌட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்தது. 'ரௌட்டரை ரீபூட் செய்யுங்கள்' என்று அமெரிக்காவின் எஃப்பிஐயே மக்களிடம் சொல்ல வேண்டி வந்தது.

இப்படி நிறுவனம் கைவிட்ட ரௌட்டர்களிலும் போடக்கூடிய, யார் வேண்டுமானாலும் திறந்து படித்துத் திருத்தக்கூடிய இலவச ஃபர்ம்வேர்தான் ஓபன்டபிள்யூஆர்டி.

பெயரில் இருக்கும் 'டபிள்யூஆர்டி' என்ன?

அது ஒரு ரௌட்டரின் பெயரில் இருந்து வந்தது. 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் 'டபிள்யூஆர்டி54ஜி' என்ற நீலமும் கறுப்புமான ரௌட்டரை விற்க ஆரம்பித்தது. அடுத்த ஆண்டே லிங்க்சிஸை சிஸ்கோ வாங்கியது. அதே 2003-ல் சில புரோகிராமர்கள் அந்த ரௌட்டரின் ஃபர்ம்வேரைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது லினக்ஸ்!

லினக்ஸை யாரும் பயன்படுத்தலாம், விற்கலாம். ஆனால் அதன் ஜிபிஎல் உரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு. விற்கும் பொருளுக்குள் அதை வைத்தால், வாங்கியவர் கேட்கும்போது மூல நிரலைக் கொடுக்க வேண்டும். லிங்க்சிஸ் கொடுத்திருக்கவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2003-லேயே மூல நிரலை வெளியிட்டது. அதை அடிப்படையாக வைத்து 2004 ஜனவரியில் ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது.

கதை அங்கே முடியவில்லை. 2005-ல் வந்த அதே ரௌட்டரின் 5-வது பதிப்பில் லினக்ஸ் இல்லை, மெமரியும் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. வெளியே இருந்து பார்த்தால் டப்பா அப்படியே இருக்கும்! பிறகு லினக்ஸ் வேண்டும் என்பவர்களுக்காகவே 'டபிள்யூஆர்டி54ஜிஎல்' என்ற தனி மாடலையும் விற்றார்கள். மூல நிரலைச் சரியாகத் தரவில்லை என்று 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோ மீது வழக்குப் போட்டது. 2009-ல் சமரசம் ஆனது.

ஒரு புது ரௌட்டருக்கு இதை எப்படி உருவாக்குகிறார்கள்?

முதல் வேலை, ஸ்க்ரூவைக் கழற்றுவதுதான். பெரும்பாலான ரௌட்டர் போர்டுகளில் மூன்று அல்லது நான்கு சின்ன முனைகள் வரிசையாக இருக்கும். அதுதான் சீரியல் போர்ட். அதில் வயர் இணைத்து லேப்டாப்போடு சேர்த்தால், ரௌட்டர் ஆன் ஆகும்போது தனக்குள் பேசிக்கொள்வதெல்லாம் திரையில் வரும். எந்த சிப், எவ்வளவு மெமரி, ஃபிளாஷில் எந்தப் பகுதியில் என்ன இருக்கிறது என்பதை அதிலிருந்து பிடிக்கிறார்கள்.

பிறகு அந்த போர்டின் வரைபடம் போல ஒரு ஃபைல் எழுத வேண்டும். எந்த முனையில் எந்த விளக்கு, ரீசெட் பட்டன் எங்கே என்பது வரை அதில் இருக்கும். ஃபிளாஷில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் தொடவே கூடாது. அந்த ஒரு டப்பாவின் வைஃபை ரேடியோவுக்காக ஃபேக்டரியில் அளந்து பதிந்த எண்கள் அங்கேதான் இருக்கும். அது அழிந்தால் வைஃபை ஒழுங்காக வேலை செய்யாது. இன்னொரு ரௌட்டரில் இருந்து காப்பி செய்தாலும் சரியாகப் பொருந்தாது. அதனால் முதலில் ஃபிளாஷைத் தொடாமல், மெமரியில் மட்டும் புது ஃபர்ம்வேரை ஓட்டிப் பார்ப்பார்கள். கரண்ட்டை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

இதில் பெரும்பகுதியைத் தன்னார்வலர்கள்தான் செய்கிறார்கள். அதனால் பலன் இல்லாமல் இல்லை. வீட்டில் ஒருவர் பெரிய ஃபைலை அப்லோட் செய்தால் மற்றவரின் வீடியோ கால் திக்கும் இல்லையா? அதற்கு 'பஃபர்பிளோட்' என்று பெயர். அதைத் தீர்க்கும் முறைகளை டேவ் டாட், ஜிம் கெட்டிஸ் போன்றவர்கள் சோதித்தது ஓபன்டபிள்யூஆர்டியில் இருந்து கிளைத்த 'செரோடபிள்யூஆர்டி'யில்தான்.

அப்போ இது நூறு சதவீதம் பாதுகாப்பானதா?

இல்லை. 2024 டிசம்பரில் இதன் அப்டேட் சர்வரிலேயே ஒரு பெரிய ஓட்டையை ஒரு ஆய்வாளர் கண்டுபிடித்தார். அவர் சொன்ன சில மணி நேரத்தில் அதைச் சரிசெய்து, விவரத்தையும் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

அதற்குக் கொஞ்சம் முன்புதான் 'ஓபன்டபிள்யூஆர்டி ஒன்' என்ற சொந்த ரௌட்டரும் வெளிவந்தது. அதில் மீட்பு ஃபர்ம்வேர் தனி சிப்பில் இருக்கிறது. ஃபர்ம்வேர் மாற்றும்போது தப்பானால் ரௌட்டர் 'செங்கல்' ஆகிவிடும், அதாவது ஆன் ஆகாமல் கிடக்கும் என்பதுதானே எல்லோருக்கும் பயம்!

நாமும் போட்டுப் பார்க்கலாமா?

முதலில் ரௌட்டரைத் திருப்பி, அடியில் இருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். மாடல் பெயர் மட்டும் போதாது, 'வி1', 'வி2' என்ற பதிப்பு எண்ணும் முக்கியம். டபிள்யூஆர்டி54ஜி கதை போல, ஒரே பெயரில் வேற வேற சிப் இருக்கும். அந்தப் பதிப்பு ஓபன்டபிள்யூஆர்டி தளத்தின் பட்டியலில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். குறைந்தது 8 எம்பி ஃபிளாஷும் 64 எம்பி ரேமும் வேண்டும், அதுவே ரொம்ப இறுக்கம்தான்.

லேன் கேபிள் கட்டாயம் கையில் இருக்கட்டும். இன்ஸ்டால் செய்ததும் பெரும்பாலும் வைஃபை ஆஃப் ஆகித்தான் இருக்கும், பாஸ்வேர்டும் இருக்காது. இரண்டையும் நீங்கள்தான் உள்ளே போய் செட் பண்ண வேண்டும். அது தெரியாமல் ரௌட்டர் போச்சுன்னு பதறாதீங்க.

நெட் கனெக்‌ஷனோடு கம்பெனி கொடுத்த ஃபைபர் டப்பாவில் மட்டும் கை வைக்காதீர்கள். பல இடங்களில் அது கம்பெனிக்குச் சொந்தமானது, லாக் ஆகியும் இருக்கும். அதை அப்படியே விட்டு, அதன் லேன் போர்ட்டில் உங்கள் சொந்த ரௌட்டரை இணைத்து, அதில் போட்டுப் பாருங்கள்.